வீட்டுக்கு அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

எங்கள் மகளுக்கு ஐந்து வயது நிறைந்த ஆண்டில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மூன்று பள்ளிகள் இருந்தன. ஒன்று தெருமுனையில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. முப்பத்தேழு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இன்னொன்று கடைத்தெருவைத் தாண்டி இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. புதுக் கட்டடம், வாசலில் ‘ஆங்கில வழிக் கல்வி உண்டு’ என்ற பெரிய பதாகை. மூன்றாவது, ஓட்டுக் கூரையுடன் கூடிய பழைய அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. எதில் சேர்க்கலாம் என்று விசாரித்தபோது ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஆனால் அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட அண்மையில் அந்தப் பள்ளிகளுக்குள் போய்ப் பார்த்தவராக இல்லை. நாங்கள் ஏறத்தாழ ஒன்றரை மாதம் அலைந்து தெரிந்துகொண்டதையும், பின்னர் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருந்து புரிந்துகொண்டதையும் சேர்த்து, தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

மேல்நிலைப் பள்ளிகளை ஒப்பிடப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தப்போவதாக 2019இல் மாநில அரசு அறிவித்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்ததால் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. தேசிய அடைவு ஆய்வு போன்றவை மாதிரிக்குச் சில பள்ளிகளை எடுத்துக்கொண்டு மாவட்டத்தின் நிலையைச் சொல்லுமே தவிர, உங்கள் தெருவில் இருக்கும் பள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நடுநிலைப் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமைப்பட வேண்டியதுதான், ஆனால் ஒன்றாம் வகுப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது. ஆகவே நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எதைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

போவதற்கு முன்

முதலில் உங்கள் சுற்றுவட்டாரத்தில் என்னென்ன பள்ளிகள் உள்ளன என்று முழுமையாகத் தெரிந்துகொள்ளுங்கள். ‘அரசுப் பள்ளி’ என்று பொதுவாகச் சொன்னாலும், ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சி அல்லது மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று நிர்வாகம் வேறுபடும். இவற்றோடு, தனியார் நிர்வாகம் நடத்த, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும் உதவி பெறும் பள்ளிகளும் உண்டு. தொடக்கப் பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்பு வரை. நடுநிலைப் பள்ளி என்றால் எட்டாம் வகுப்பு வரை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பல ஊர்களில் தேர்ந்தெடுக்க இரண்டு மூன்று பள்ளிகளும் இருக்கும்.

ஒவ்வொரு பள்ளிக்கும் பதினொரு இலக்கம் கொண்ட யூடைஸ் எண் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33 என்று தொடங்கும். பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையிலோ முகப்புச் சுவரிலோ எழுதியிருப்பார்கள். மத்திய கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் அந்த எண்ணையோ பள்ளியின் பெயரையோ கொடுத்தால், மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் போன்ற விவரங்கள் வரும். அந்த விவரங்களைப் பள்ளியே உள்ளிடுகிறது என்பதையும், நீங்கள் பார்ப்பது முந்தைய கல்வியாண்டின் நிலையாக இருக்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ‘பயன்பாட்டில் உள்ள கழிப்பறை 2’ என்று அங்கே இருந்தால், அதை உண்மையாகவும் கொள்ள வேண்டாம், பொய்யாகவும் கொள்ள வேண்டாம். நேரில் போகும்போது கேட்க வேண்டிய கேள்வியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் கணக்கு

எல்லாவற்றையும் விட இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, 121 முதல் 200 வரை ஐந்து என்று வகுத்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற நல்ல விகிதம்தான். ஆனால் வகுப்புகள் ஐந்து என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஐம்பது பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் சட்டப்படி இரண்டு ஆசிரியர் போதும். அவர்களில் ஒருவரே தலைமையாசிரியர். வழக்கமாக ஒருவர் முதல் மூன்று வகுப்புகளையும் மற்றவர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளையும் எடுப்பார்கள். தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டத்துக்குப் போனாலோ, ஒருவர் பயிற்சிக்குப் போனாலோ, அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஆசிரியர்தான்.

ஆகவே ‘எத்தனை ஆசிரியர்கள்?’ என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, அதில் நிரம்பியவை எத்தனை, அவர்களில் மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ போயிருப்பவர் யாராவது உண்டா, நீண்ட விடுப்பில் இருப்பவர் உண்டா, அந்த இடத்துக்குத் தற்காலிக ஆசிரியர் வந்திருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நாங்கள் பார்த்த மூன்றில் ஒரு பள்ளியில் பதிவேட்டில் நான்கு பேர் இருந்தார்கள்; வகுப்பறையில் இருந்தவர்கள் இரண்டரைப் பேர் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றாமவர் வாரத்தில் பாதி நாள் பக்கத்து ஊர்ப் பள்ளியையும் சேர்த்துக் கவனித்துவந்தார்.

நடுநிலைப் பள்ளி என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே ஆசிரியர் எண்ணிக்கை ஒன்பது, பத்து என்று கேட்க நிறைவாக இருக்கும். அதில் பட்டதாரி ஆசிரியர்கள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு உரியவர்கள். முதல் ஐந்து வகுப்புகளை எடுப்பவர்கள் இடைநிலை ஆசிரியர்கள். உங்கள் பிள்ளை சேரப்போவது ஒன்றாம் வகுப்பில் என்றால், இடைநிலை ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று பிரித்துக் கேட்டால்தான் உண்மை விகிதம் தெரியும். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் அப்படிப் பிரித்துப் பார்த்தபோது, கடைத்தெருவைத் தாண்டிப் போய்ச் சேர்ப்பதற்கான காரணங்களில் பாதி காணாமல் போய்விட்டது.

பணியிட நிர்ணயம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. 62 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் இரண்டு பேர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டால், மூன்றாவது ஆசிரியர் ‘உபரி’ ஆகி வேறிடத்துக்கு மாற்றப்படலாம். மே மாத வெயிலில் ஆசிரியர்கள் துண்டறிக்கையோடு வீடு வீடாக வந்து சேர்க்கை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைப் பார்த்து ‘பிள்ளை இல்லாத பள்ளி’ என்று ஏளனம் பேசுபவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. நீங்கள் பார்க்கும் பள்ளி 60, 90 போன்ற எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும் பொது மாறுதல் கலந்தாய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ‘அந்த டீச்சருக்காகவே அந்தப் பள்ளியில் சேர்த்தோம்’ என்று சொல்லும் பெற்றோர் பலர் உண்டு. அடுத்த ஜூனில் அந்த டீச்சர் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கிப் போயிருப்பார். ஓர் ஆசிரியரின் பெயரால் மட்டும் நிற்கும் பள்ளி எது, ஆள் மாறினாலும் வழக்கம் மாறாத பள்ளி எது என்பதை, அங்கே ஐந்தாண்டுகளுக்கு முன் படித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டால் சொல்வார்கள்.

பிள்ளைகள் குறைவாக இருப்பதாலேயே ஒரு பள்ளியை ஒதுக்கிவிட வேண்டாம். முப்பத்தேழு பேருக்கு இரண்டு ஆசிரியர் என்றால் ஆளுக்குப் பத்தொன்பது பேருக்கும் குறைவு. எந்தத் தனியார் பள்ளியிலும் அவ்வளவு எளிதில் கிடைக்காத கவனம் அது. ஆனால் இருவரும் உண்மையாகவே பள்ளியில் இருக்கும் நாட்களில் மட்டுமே அந்தக் கணக்குச் செல்லும்.

பள்ளிக்குள் போகும்போது

தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுப் போங்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி போலப் பேசாதீர்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். இரண்டு முறை போவது நல்லது. ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டும், இன்னொரு நாள் ஏதோ ஒரு விவரம் கேட்க வந்தது போலச் சொல்லாமலும் போங்கள். சேர்க்கை விழா, ஆண்டு விழா நடக்கும் நாளில் போய்ப் பார்ப்பதில் பயனில்லை.

நாங்கள் தெருமுனைப் பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து ஏதோ அட்டைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘உட்காருங்க சார், இத முடிச்சிட்டு வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டு, இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தார். என் மனைவிக்கு அது அவமதிப்பாகப் பட்டது. எனக்கோ, அந்த மாதம் நாங்கள் பார்த்தவற்றில் அதுவே மிக நல்ல அறிகுறியாகத் தோன்றியது. இன்னொரு பள்ளியில் எங்களைக் கண்டதும் ஆசிரியர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து, நாற்காலி போட்டு, முக்கால் மணி நேரம் பள்ளியின் பெருமையைப் பேசினார். அந்த முக்கால் மணி நேரமும் அவர் வகுப்பில் ஒரு மாணவன் கையில் பிரம்போடு மற்றவர்களை அடக்கிக்கொண்டிருந்தான்.

கரும்பலகையின் மேல் மூலையைப் பாருங்கள். தேதி, ஒரு திருக்குறள், அதன் பக்கத்தில் ‘பதிவு 9, வருகை 8’ என்று எழுதும் வழக்கம் பெரும்பாலான பள்ளிகளில் உண்டு. புதன்கிழமை காலையில் போனபோது அங்கே முந்தைய வெள்ளிக்கிழமைத் தேதி இருந்தால், அந்த வகுப்புக்கு இடையில் யாரும் வரவில்லை என்று பொருள் கொள்ளலாம். பதிவுக்கும் எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள். அறுவடைக் காலம், செங்கல் சூளை வேலை என்று நியாயமான காரணமும் இருக்கலாம்; வேறு பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெயர் இன்னும் பதிவேட்டில் தொங்கிக்கொண்டிருப்பதும் காரணமாக இருக்கலாம்.

அடுத்து, நோட்டுப் புத்தகங்களைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒரே வகுப்பைச் சேர்ந்த நான்கு நோட்டுகளை அடுத்தடுத்துப் புரட்டுங்கள். நான்கிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே வரிசை, ஒரே பிழை என்றால் பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள், அவர்களாக எழுதவில்லை. நான் பார்த்த ஒரு நோட்டில் ‘பள்ளிகூடம்’ என்று எழுதியிருந்த சொல்லின் மீதே சிவப்பு மையில் அழகான டிக் விழுந்திருந்தது. பக்கத்தின் அடியில் கையொப்பமும் தேதியும் இருந்தன. வேறொரு பள்ளியில் கோணல் மாணலான கையெழுத்தில், ‘எங்க ஆட்டுக்குட்டி பேரு ராணி’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தான். ‘எங்க’ என்பதற்கு மேலே ‘எங்கள்’ என்றும், ‘பேரு’ என்பதற்கு மேலே ‘பெயர்’ என்றும் ஆசிரியர் பென்சிலால் எழுதியிருந்தார். இரண்டில் எந்த வகுப்பில் கற்பித்தல் நடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022–23 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ முறை நடப்பில் இருக்கிறது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு அல்லாமல், கற்றிருக்கும் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. ‘உங்கள் மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பெயரோடும் காரணத்தோடும் பதில் சொல்லும் ஆசிரியர் பிள்ளைகளை அறிந்தவர். ‘எல்லாருமே மலர்தான்’ என்று சொல்பவரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. நூலகப் புத்தகங்களையும் இப்படியே பார்க்கலாம். வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்திருக்கின்றன. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘ஊஞ்சல்’ இதழ் வருகிறது. அவை பீரோவுக்குள் கட்டுப் பிரிக்காமல் இருக்கின்றனவா, ஓரம் மடங்கி, அழுக்கேறி, கயிற்றில் தொங்குகின்றனவா என்பதை ஒரு நொடியில் கண்டுவிடலாம்.

பிள்ளைகளிடமே தெரியும்

பள்ளிக்குள் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டாம். அது ஆசிரியருக்கும் சங்கடம், பிள்ளைக்கும் பயம். மாலையில் உங்கள் தெருவில் விளையாடும் பிள்ளைகளில், நீங்கள் பார்க்கும் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் மூன்றாம் வகுப்பு அல்லது நான்காம் வகுப்புப் படிக்கும் நாலைந்து பேர் கிடைப்பார்கள். பெற்றோரிடம் சொல்லிவிட்டு, விளையாட்டாக ஏதாவது படிக்கச் சொல்லிப் பாருங்கள். பாடப்புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். பக்கத்தைப் பார்க்காமலே முழுப் பாடத்தையும் ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. விரல் ஒரு வரியிலும் வாய் இன்னொரு வரியிலும் போய்க்கொண்டிருக்கும். நான் எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டியில் பேரூராட்சி எழுதிவைத்திருந்த ‘குடிநீரைக் காய்ச்சிப் பருகவும்’ என்ற வரியைப் படிக்கச் சொன்னேன். தெருமுனைப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பையன் ‘கா…ய்ச்…சிப், பரு…கவும்’ என்று எழுத்துக் கூட்டிவிட்டு, இரண்டாம் முறை சேர்த்துப் படித்து, ‘பருகவும்னா குடிக்கணும்’ என்றான். நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் இருவருக்கு ‘ய்ச்’ வந்த இடத்தில் வாய் நின்றுவிட்டது.

கணக்குக்கு 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 25 என்று வந்தால் நல்லது. 35 என்று எழுதினால், அந்தப் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கிறது. கடன் வாங்குவதன் பொருள் புரியவில்லை. ஒரு பிள்ளை தவறு செய்தால் அது அந்தப் பிள்ளையின் விஷயம். ஒரே வகுப்பில் நாலு பேரும் 35 என்று எழுதினால் அது பள்ளியின் விஷயம்.

இதில் நியாயமாகவும் நடந்துகொள்ள வேண்டும். உதவி பெறும் பள்ளியுடன் மழலையர் பிரிவு ஒட்டியிருந்தால், அங்கே ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எழுத்தறிந்தே வருகிறார்கள். சூளையிலும் கல் குவாரியிலும் வேலை பார்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளை ஆண்டின் நடுவிலும் சேர்த்துக்கொள்ளும் சின்னப் பள்ளியோடு அதை அப்படியே ஒப்பிடுவது முறையாகாது. பள்ளிக்கு வந்தபோது எப்படி இருந்த பிள்ளை, இப்போது எப்படி இருக்கிறது என்பதுதான் ஒப்பிட வேண்டியது.

இதையெல்லாம் ஒரே ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழோ கணக்கோ எடுக்கும் ஆசிரியரைப் பாருங்கள். சுற்றியுள்ள எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலிருந்தும் ஒவ்வொரு ஜூனிலும் அவரிடம்தான் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். எந்தப் பள்ளியிலிருந்து வருபவர்கள் படிக்கத் தெரிந்து வருகிறார்கள் என்பது அவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். டீக்கடையில் கேட்டால் தயங்காமல் சொல்வார். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்களும் இப்படித்தான். பல பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆங்கில வழிப் பதாகை

அரசுப் பள்ளிகளில் 2012–13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. பெரிய பள்ளிகளில் தனி வகுப்பும் தனி ஆசிரியரும் இருக்கலாம். சிறிய பள்ளிகளில் பெரும்பாலும் அதே அறை, அதே ஆசிரியர், பெஞ்சின் ஒரு பக்கம் தமிழ் வழிப் புத்தகம், மறு பக்கம் ஆங்கில வழிப் புத்தகம். ஆசிரியர் தமிழில்தான் விளக்குவார். பிள்ளை பரிட்சையில் ஆங்கிலத்தில் எழுதும். என் கருத்தில் இது இரண்டு வழிக்கும் கேடு. ஆங்கில வழி வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், ‘ஆங்கில வழிக்குத் தனி ஆசிரியர் உண்டா, சூழ்நிலையியல் பாடத்தை எந்த மொழியில் நடத்துகிறீர்கள்?’ என்று கேட்டு விடுங்கள். உதவி பெறும் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியாக நடப்பதுண்டு. அங்கே கட்டணமும் இருக்கும், ஆசிரியரும் அரசுச் சம்பளம் பெறாதவராக இருப்பார். சேர்த்த பிறகு ரசீதைப் பார்த்துத் திகைப்பதை விட முன்பே கேட்பது நல்லது.

கழிப்பறை, சாப்பாடு, கட்டடம்

இடைவேளை நேரத்தில், அதாவது காலை பதினொரு மணியளவில் போய்க் கழிப்பறையைப் பாருங்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது சட்டம். இருக்கிறதா என்பதல்ல, பூட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பூட்டியிருந்தால் சாவி யாரிடம், தண்ணீர் குழாயில் வருகிறதா, வாளியில் பிடித்து வைக்கிறார்களா, துடைக்க யார் வருகிறார், வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள். அதைவிட எளிதான வழி, அந்தப் பள்ளியில் படிக்கும் பெண் குழந்தையின் தண்ணீர்ப் புட்டியை மாலையில் பார்ப்பது. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தால், கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அந்தக் குழந்தை குடிக்காமல் இருந்திருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மா.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறத்தில் உள்ளவற்றுக்கு 2025 ஆகஸ்டிலும் விரிந்தது. நடுநிலைப் பள்ளியிலும் அது ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கே. காலையில் இருவரும் வேலைக்குப் போகும் வீடு என்றால், சாப்பாடு எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், அந்த நேரத்தில் பொறுப்பான ஆள் யார் இருக்கிறார் என்பது உங்களுக்கு முக்கியம். மதியச் சத்துணவில், அமைப்பாளர் அந்தப் பள்ளிக்கு மட்டும் உரியவரா, இரண்டு மூன்று மையங்களுக்குக் கூடுதல் பொறுப்பில் இருக்கிறாரா என்று கேளுங்கள். முட்டை எண்ணிக்கையிலிருந்து சாம்பார் வரை அதைப் பொறுத்தே இருக்கும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, அழகைப் பார்க்க வேண்டாம், ஆபத்தைப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்த பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை ஒழிந்தது. இன்றும் பார்க்க வேண்டியவை அதே வகையானவை: சமையலறை வகுப்பறையை ஒட்டியிருக்கிறதா, மாடி என்றால் இறங்க எத்தனை வழி, வெளிக்கதவைப் பகலில் பூட்டுகிறார்களா, கூரைக் காங்கிரீட்டில் துருக் கம்பி தெரிகிறதா, பயன்படுத்தக் கூடாது என்று ஒதுக்கிய பழைய கட்டடம் இடிக்கப்படாமல் வளாகத்திலேயே நிற்கிறதா, மூடியில்லாத கிணறோ தொட்டியோ இருக்கிறதா, சுற்றுச்சுவர் முழுமையாக உள்ளதா. ஓட்டுக் கூரைப் பள்ளி இவற்றில் பெரும்பாலானவற்றில் தேறியது. புதுக் கட்டடத்தில் சாய்தளம் கட்டியிருந்தார்கள், அதன் முடிவில் அரையடி உயரத்துக்கு ஒரு படியும் இருந்தது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளை உங்களுக்கு இருந்தால், வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் எந்த நாளில் வருகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும் வழியை, பள்ளி விடும் நேரத்தில் பிள்ளையோடு ஒருமுறை நடந்து பாருங்கள். கூகுள் மேப் காட்டும் தூரத்தில் லாரி போகும் சாலையும் தெருநாய்களும் தெரியாது.

மேலாண்மைக் குழு

ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, எதைப் பேசினார்கள், பேசியதில் எது நிறைவேறியது என்று கேளுங்கள். தலைவர் யார் என்று இரண்டு பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். தலைவியின் பெயருக்குப் பதில் அவர் கணவரின் பெயர் வந்தால், கூட்டத்துக்குப் போவதும் அவர்தான் என்று புரிந்துகொள்ளலாம். பள்ளியிடமிருந்து பதில் வராத விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு போட்டுக் கேட்க முடியும். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் பிள்ளையைச் சேர்க்கும் முன்பே மனுவோடு போவதை நான் விரும்பவில்லை. நேரில் கேட்டால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் பதிவேட்டை எடுத்தே காட்டுகிறார்கள்.

சேர்க்கும்போது

ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகப் பள்ளி மறுக்க முடியாது. நுழைவுத் தேர்வு வைக்கவும் கூடாது. சேர்த்த பிறகு பள்ளி சரியில்லை என்று தெரிந்தால், வேறு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றிக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆவதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆகவே முடிவெடுக்கும் முன் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆண்டு முழுக்க அலைய வேண்டியதில்லை. ஜூன் முதல் வாரத்தில் மீண்டும் ஒருமுறை போய், மார்ச்சில் பார்த்த ஆசிரியர்கள் அங்கேயே இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சேர்த்தால் போதும்.

நாங்கள் தெருமுனைப் பள்ளியில்தான் சேர்த்தோம். சேர்த்த ஆண்டில் அங்கே எங்கள் மகளையும் சேர்த்து 43 பிள்ளைகள். மூன்றாவது ஆசிரியர் பணியிடம் கிடைக்க இன்னும் பதினெட்டுப் பேர் வேண்டியிருந்தது. தலைமையாசிரியையோடு நாங்களும் ஜூலை முழுக்க மாலை வேளைகளில் தெருத்தெருவாகப் போய்க் கேட்டோம். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் 49 பேர் இருந்தார்கள்.